ஊர்ப் பெரியவர் முன்னாடி ஒரு மைக்: கோவை பாட்காஸ்ட் எடுக்க ஒரு பாடம்



இப்பல்லாம் ஃபோன் இருக்கிற ஆளெல்லாம் பாட்காஸ்ட் எடுக்கிறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா நம்ம ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சு எடுக்கிற எபிசோடுகளை வரிசையா கேட்டுப் பாருங்க. கடைசிக் கேள்வி எல்லாத்துலயும் ஒண்ணுதான்: "இன்றைய இளைஞர்களுக்கு நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?" பதிலும் ஒண்ணுதான். கடுமையா உழைங்க, விடாமுயற்சி வேணும், செல்போனைக் கொஞ்சம் கீழ வைங்க. இந்தப் பதிலை ஃபவுண்டரி முதலாளியும் சொல்லலாம், பல் டாக்டரும் சொல்லலாம். பேரை மறைச்சுட்டா யார் பேசினதுன்னே தெரியாது.

ஒரு ஊரின் முக்கியமான மனிதர்களைப் பேட்டி எடுக்கிற பாட்காஸ்ட்டை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பாடம். கோயம்புத்தூரையே உதாரணமா எடுத்துக்கறேன். நான் சொல்லப் போறது அடிப்படையில் ஒரே விஷயம்: அவங்க வெற்றியைப் பற்றிக் கேட்காதீங்க, வேலையைப் பற்றிக் கேளுங்க. மைக், எடிட்டிங் எல்லாம் அதுக்கு அப்புறம்.

தெரிஞ்ச ஆளில் இருந்தே தொடங்குவோம். அருணாசலம் முருகானந்தம். பாப்பநாயக்கன்புதூர்க்காரர். 2014இல் டைம் பத்திரிகையின் 100 பேர் பட்டியலில் வந்தார், 2016இல் பத்மஸ்ரீ, 2018இல் அவர் கதையை வெச்சு அக்‌ஷய் குமார் நடிச்ச பேட்மேன் படம். அவருடைய இயந்திரம் உத்தரப் பிரதேசத்து கிராமம் ஒன்றில் ஓடுவதைக் காட்டிய குறும் ஆவணப்படம் 2019இல் ஆஸ்கர் வாங்கிச்சு. மனைவி துணியை மறைச்சு எடுத்துட்டுப் போனதைப் பார்த்தது, ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை ஊத்தித் தன் உடம்பிலேயே சோதிச்சது, மனைவி வீட்டை விட்டுப் போனது... இதெல்லாம் அவர் பல மேடையில, பல மொழியில சொல்லியாச்சு. நீங்க போய் அதையே கேட்டா அதையே சொல்லுவார். நல்லாவும் சொல்லுவார், சிரிக்கவும் வைப்பார். ஆனா உங்க எபிசோடு ஏற்கெனவே யூடியூபில் இருக்கு, அவ்வளவுதான்.

நாம இன்ஜினியரிங் பசங்க. நமக்குன்னு கேட்க வேற கேள்வி இருக்கு. முதல்ல பஞ்சுலதான் செஞ்சு பார்த்தார், தோத்தது. பெரிய கம்பெனிகள் பயன்படுத்தறது பஞ்சு இல்லை, பைன் மரக்கூழில் இருந்து எடுக்கிற செல்லுலோஸ் நார்னு கண்டுபிடிக்கவே வருஷக்கணக்காச்சு. அப்புறம் கோடிக்கணக்கில் விலை சொன்ன அந்த இயந்திரங்களோட வேலையை நாலு சின்ன படியா உடைச்சார்: கூழைப் பிரிச்சு நாராக்குறது, அச்சில் வெச்சு அழுத்துறது, மேல துணி சுத்தி ஒட்டுறது, புற ஊதா ஒளியில் கிருமி நீக்குறது. விலை சுமார் 65,000 ரூபாய்க்கு வந்தது. இப்போ கேளுங்க: நாராக்குற அந்த முதல் பிளேடு எங்க கிடைச்சது? எந்த லேத்துல கடைஞ்சீங்க? எத்தனை ஆர்பிஎம்மில் நார் பொடியாகாம பிரிஞ்சது? வெல்டிங் பட்டறை நடத்தின அனுபவம் இதுல எந்த இடத்துல கை கொடுத்தது? மரக்கூழ்னு சொன்ன ஆள் யாரு, ஃபோன்ல எப்படிக் கேட்டீங்க?

இதுக்கு மேடைப் பேச்சிலிருந்து ரெடிமேடா பதில் வராது. ஆள் கொஞ்சம் யோசிப்பார். கையை ஆட்டிக் காட்டுவார். பேட்டி அந்த யோசனையிலதான் தொடங்குது.

யாரைக் கூப்பிடுறது?

"பிரபலம்" என்ற வார்த்தைதான் பிரச்சினை. பத்மஸ்ரீ வாங்கினவர், சினிமாக்காரர், இன்ஸ்டாவில் லட்சம் ஃபாலோயர் இருக்கிறவர் என்று பட்டியல் போட்டா பத்துப் பேர்ல தீர்ந்துடும், அவங்க டேட்டும் கிடைக்காது. அவரோட வேலையை ஊருக்குள்ள நடந்து போறப்போ நாம கையால தொட முடியுமா? என் கணக்கு அதுதான். வெட் கிரைண்டரை எடுத்துக்கோங்க. 1955இல் பி. சபாபதி உருவாக்கினார்னு சொல்றாங்க. இன்னிக்கு கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு. மோட்டார் செஞ்சவர் ஒருத்தர், கல்லைக் கொத்தினவர் ஒருத்தர், வீடு வீடா போய் "மாவு கை அரைச்ச மாதிரியே இருக்குங்க" என்று வித்தவர் ஒருத்தர். இதுல ரெண்டாமத்தவர் பேட்டியை நான் இதுவரைக்கும் எங்கயும் கேட்டதில்ல. கல்லை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கொத்தணும், எந்தக் கல்லு மாவைச் சூடாக்காது, கொத்துற சத்தத்துலயே கல்லுல விரிசல் இருக்கிறது தெரியுமா... நாப்பது நிமிஷம் தாராளமா போகும்.

சிகாகோவில் ஸ்டட்ஸ் டெர்கல்னு ஒருத்தர் இருந்தார். அந்த ஊரு டபிள்யூஎஃப்எம்டி வானொலியில் 1952லிருந்து 1997 வரைக்கும், 45 வருஷம், பேட்டி எடுத்தே வாழ்ந்தவர். பெரிய பெரிய எழுத்தாளர், பாடகர் எல்லாம் அவர் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. ஆனா அவர் புத்தகங்கள்ல நிறைய பேர் படிச்சது சாதாரண ஆட்கள் பேசினதைத்தான். 1974இல் வந்த 'வொர்க்கிங்' முழுக்க, ஒருத்தர் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன வேலை செய்றார், அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான். பாட்காஸ்ட்னு ஒரு சொல்லே 2004இல்தான் வந்தது. அவர் அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே ஒரு ஊரை வெச்சு இதைச் செஞ்சு முடிச்சுட்டார்.

நமக்கு ஏன் அவசரம்னா, ஆட்கள் போயிட்டே இருக்காங்க. யோகா கத்துக் கொடுத்த நானம்மாள் பாட்டி 2018இல் பத்மஸ்ரீ வாங்கி 2019 அக்டோபரில் காலமானார். தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி 2021இல் பத்மஸ்ரீ, 2024 செப்டம்பரில் போயிட்டார். நூறு வயசைத் தாண்டியும் காட்டுக்குப் போனவர். நான் பார்த்த வீடியோக்கள்ல முக்கால்வாசி "நீண்ட ஆயுளின் ரகசியம் என்ன பாட்டி?" என்பதில்தான் நிக்குது. பவானி ஆத்தங்கரையில ஒரு நூற்றாண்டு வாழ்ந்தவர்கிட்ட, பவானிசாகர் அணை கட்டினப்போ (1955இல் முடிஞ்சது) ஆத்துல என்ன மாறுச்சு, உரமூட்டை முதல்ல ஊருக்குள்ள வந்த வருஷம் எது, ஆம்பளைக் கூலி எவ்வளவு, பொம்பளைக் கூலி எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தா! இனி கேட்க முடியாது.

ஜி.டி. நாயுடு 1974இல் இறந்தார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செஞ்சவர். அவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுத்துற கதைகள்ல எது நடந்தது, எது நம்ம ஊர்ப் பெருமைக்காகப் பின்னாடி சேர்ந்தது என்று பிரிக்கிறதே பெரும்பாடு. அவர்கிட்ட வேலை பார்த்த மெக்கானிக்குகளைப் பதிவு செஞ்சு வெச்சிருந்தா எவ்வளவு வசதியா இருந்திருக்கும்! 1954இல் வந்த மலைக்கள்ளன் நம்ம ஊர் பட்சிராஜா ஸ்டுடியோ படம். அன்னிக்கு அங்க பதினெட்டு வயசுல லைட் தூக்கினவருக்கு இப்போ தொண்ணூறு ஆகுது. யோசிச்சுக்கோங்க.

போறதுக்கு முன்னாடி

மைக் இல்லாம ஒரு தடவை போய்ப் பாருங்க. இது கட்டாயம். டீ குடிங்க, வீட்டைப் பாருங்க, சுவத்துல மாட்டியிருக்கிற ஃபோட்டோ எதுன்னு கேளுங்க. அந்தச் சந்திப்பிலேயே முக்கியமான கதையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாருன்னா மெதுவா பேச்சை மாத்துங்க. ரெண்டாம் தடவை சொல்றப்போ கதை சுருங்கிடும், "அன்னிக்கே சொன்னேனில்ல கண்ணு" என்று தாண்டிடுவார்.

அப்புறம் அவரோட தொழில் வார்த்தைகளைக் கத்துக்கோங்க. ஒரு விவசாயி "நான் பத்து வயசுலயே கவலை ஓட்டினவன்" என்று சொன்னா, சென்னையிலிருந்து வந்த நம்ம ஹாஸ்டல் நண்பன் முகத்தைச் சோகமா வெச்சுக்குவான். கொங்கு நாட்டுல கவலைன்னா மாடு பூட்டிக் கிணத்துலிருந்து தண்ணி இறைக்கிறது. மாடு சரிவுல இறங்க இறங்க, கயித்தோட இன்னொரு நுனியில இருக்கிற தோல் பை தண்ணியோட மேல வரும். மாடு பின்னாடியே நடந்து மேட்டுக்கு வந்தா பை திரும்பக் கிணத்துக்குள்ள போகும். விடிகாலையில இருந்து இதேதான். இது தெரிஞ்சாத்தான் அடுத்த கேள்வி வரும்: கவலையை நிறுத்திட்டு கரண்ட் மோட்டார் வெச்ச அன்னிக்கு அந்த மாடுகளை என்ன பண்ணுனீங்க? இந்த ஊரு ஏன் பம்ப்செட் ஊரா ஆச்சு என்ற பெரிய கேள்விக்கு இப்படித்தான் போக முடியும். பைக்காரா மின்சாரம் 1930களில் வந்ததும் மில்லுகள் பெருகினதும் புத்தகத்துல இருக்கு. அந்த மாடுகளுக்கு என்ன ஆச்சு என்று புத்தகத்துல இல்லை.

மில்லு ஆள்னா ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங் என்ற வரிசை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் நண்பர்கள்கிட்ட ஒரு சாயங்காலம் உட்கார்ந்தா போதும்.

வருஷம் கேட்டா பெரியவங்களுக்கு ஞாபகம் வராது. "1976ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டா தடுமாறுவாங்க. "எமர்ஜென்சி அப்போ?", "எம்ஜிஆர் இறந்தப்போ கடை எங்க இருந்தது?", "மூத்த பொண்ணு பிறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டா டக்குனு சொல்லுவாங்க. ஒரு தாள்ல ஊரோட முக்கிய வருஷங்களை எழுதி மடியில வெச்சுக்கிட்டா இது ஈஸி.

உட்கார்ந்ததுக்கு அப்புறம்

முதல் கேள்வி சின்னதா, உறுதியா பதில் தெரிஞ்சதா இருக்கட்டும். "காலையில எத்தனை மணிக்குப் பட்டறை திறப்பீங்க?" போதும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று ஆரம்பிச்சா ஆள் பயோடேட்டா ஒப்பிக்க ஆரம்பிச்சுடுவார், அங்கிருந்து மீட்டுக் கொண்டு வர இருபது நிமிஷம் ஆகும்.

ஐயா, அம்மா, அண்ணா, உங்க வாய்க்கு எது இயல்போ அப்படிக் கூப்பிடுங்க. 'சார்' வந்தா பேச்சு ஆஃபீஸ் பேச்சாயிடும், இது என் அனுபவம். "ஏனுங்க", "பொழுதோட வாங்க", "பண்ணையம் பாத்துட்டு இருந்தோம்" என்று அவர் பேசறதை நீங்க செந்தமிழாக்கித் திரும்பச் சொல்லாதீங்க. உடனே அவரும் மேடைத் தமிழுக்கு மாறிடுவார். எபிசோடு விவரத்துல ரெண்டு வார்த்தைக்குப் பொருள் எழுதிட்டா முடிஞ்சது.

பதில் முடிஞ்ச மாதிரி இருக்கும்போது உடனே பாயாதீங்க. மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. பாதி நேரம் அந்த இடைவெளியில்தான் அவர் இன்னொரு வாக்கியம் சொல்லுவார், பெரும்பாலும் நல்ல வாக்கியம். "உம்... உம்... சூப்பர் சார்" எல்லாம் வேண்டாம். தலையை ஆட்டினா போதும், எடிட் பண்றவன் உங்களை வாழ்த்துவான்.

கணக்கு கேளுங்க. இது நம்ம ஆட்கள் ஏனோ கூச்சப்படுற இடம். வடிவேலம்பாளையம் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றதைக் கேட்டு எல்லாரும் கண் கலங்கியாச்சு. ஆனா ஒரு படி அரிசிக்கு எத்தனை இட்லி, உளுந்து என்ன விகிதம், விறகுக்கு எவ்வளவு, கடைசியில கையில என்ன நின்னுச்சு என்று கேட்டாத்தான் அவர் எவ்வளவு கெட்டிக்காரர்னு தெரியும். பரிதாபமா பார்க்கிறதை விட அது மரியாதை.

இப்போ சத்தம்

நம்ம ஏரியா. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் ரெண்டு மடங்கானா நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். 15 செ.மீ.யில் இருக்க வேண்டிய மைக்கை மேசை நடுவுல 60 செ.மீ.யில் வெச்சா 12 டெசிபல் போச்சு. அறையோட எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். அதனாலதான் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது. விலை உயர்ந்த மைக்கைத் தூரத்துல வைக்கிறதை விட, சட்டையில குத்துற சாதாரண மைக் எவ்வளவோ மேல். ஆளுக்கு ஒண்ணு, தனித்தனி டிராக்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். ரெண்டு சேனலுக்கு நொடிக்கு 2,88,000 பைட், ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேல. மெமரி கார்டு எவ்வளவு வேணும்னு நீங்களே பெருக்கிக்கோங்க. உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கட்டும், பெரியவங்க சிரிச்சா திடீர்னு ஏறும். பக்கத்துல இன்னொரு ஃபோன் ஏரோப்ளேன் மோடுல தனியா ஓடட்டும்.

ஃபேனை நிறுத்துங்க, ஃபிரிட்ஜையும். 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தா 80க்குக் கீழ வெட்டிடலாம்னு நினைப்போம். அதோட மடங்குகள் 100, 150இல் உட்கார்ந்திருக்கும், அங்கதான் ஆண் குரலோட அடிப்பகுதியும் இருக்கு. வெட்டினா ஆள் டெலிஃபோன்ல பேசற மாதிரி ஆயிடுவார். முதல்லயே சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில் எடுக்கிறதுதான் வழி.

பட்டறைக்குள்ள பேட்டி எடுக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. தகரக் கூரைக்குக் கீழ, லேத் ஓடுறப்போ, வேண்டாம். பேட்டியை வீட்டுல, மெத்தை, துணிமணி இருக்கிற அறையில எடுங்க. பட்டறைச் சத்தத்தைத் தனியா ரெண்டு நிமிஷம் பதிவு பண்ணுங்க. பேசின அறையில யாரும் பேசாம ஒரு நிமிஷமும் எடுத்துக்கோங்க, எடிட்டில் வெட்டின இடத்தை ஒட்ட அது வேணும். வெளியிடும்போது மொத்த ஒலியளவு மைனஸ் 16 லஃப்ஸ் பக்கம் இருந்தா போதும், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்கிற அளவும் அதுதான்.

வெட்டுறதுக்கு முன்னாடி

மூச்சு, இருமல், திரும்பச் சொன்னது எல்லாம் வெட்டலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னாடி ஒட்டக் கூடாது. "ஆனா" என்று அவர் ஆரம்பிச்ச வாக்கியத்தை அதோட நிறுத்தி வெட்டவும் கூடாது. ரீல்ஸுக்காக 30 விநாடி எடுக்கிறப்போதான் இந்தத் தப்பு அதிகம் நடக்குது. ரீல்ஸ் எடுக்கிறவர் முழுப் பேட்டியையும் கேட்டிருக்கணும் என்று குழுவுல ஒரு சட்டம் போட்டுடுங்க.

நம்ம ஊர்ல ஒரு வயசுக்கு மேல இருக்கிற யார்கிட்ட பேசினாலும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும், அதுக்கு முந்தின நவம்பர் கலவரமும் ஒரு இடத்துல வந்தே தீரும். டவுன்ஹால் பக்கம் கடை வெச்சிருந்தவர்னா கட்டாயம் வரும். நீங்களா அதை நோண்டாதீங்க. அவரா ஆரம்பிச்சா நிறுத்தாதீங்க. ஆனா பேசி முடிச்சதும், "இது ஒளிபரப்பில் இருக்கட்டுமாங்க?" என்று அன்னிக்கே ஒரு தடவை, எடிட் பண்ணின பிறகு ஒரு தடவை கேளுங்க. ஒருத்தர் பேரைச் சொல்லி, "அவன்தான் செஞ்சான்" என்ற மாதிரி வந்தா அது வெளியே போகக் கூடாது. எபிசோடு கொஞ்சம் சப்புனு ஆனாலும் பரவாயில்ல. அந்தக் கடைக்காரர் நாளைக்கும் அதே தெருவுலதான் கடை திறக்கணும். நாம டிகிரி முடிச்சு பெங்களூரு போயிடுவோம்.

சம்மதத்தை எழுத்துல வாங்குங்க. அரைப்பக்கம், தமிழ்ல: எங்கே வெளியிடுவோம், எதை நீக்கச் சொல்லலாம், எத்தனை நாளுக்குள்ள சொல்லணும். படிக்கத் தெரியாதவர்னா ரெக்கார்டரை ஓட விட்டுப் படிச்சுக் காட்டி, "சரிங்க" என்று அவர் குரல்லயே வாங்கிக்கோங்க.

வெட்டாத முழு ஃபைலை அழிக்காதீங்க. எபிசோடு நாப்பது நிமிஷம்னா மீதி ஒண்ணரை மணி நேரத்துலதான் கூலிக் கணக்கும் கிணத்துப் பேரும் இருக்கும். ஃபைல் பேர்ல தேதி, ஊர், தொழில் எழுதி மூணு இடத்துல வைங்க, அதுல ஒண்ணு காலேஜ் லைப்ரரியா இருக்கட்டும். பேட்டி கொடுத்தவர் ஸ்பாட்டிஃபை எல்லாம் வெச்சிருக்க மாட்டார். ஒரு பென்டிரைவ்ல போட்டு வீட்டுல கொண்டு போய்க் கொடுங்க. பேரன் டிவியில சொருகிப் போட்டுக் காட்டுவான். அப்போ கூட உட்கார்ந்து கேளுங்க, கையில ரெக்கார்டர் இருக்கட்டும். "அட, இதைச் சொல்ல மறந்துட்டேனே" என்று கட்டாயம் ஒண்ணு சொல்லுவார்.